பொருள்முதல்

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கும் ஜெகதீஸ்வரன், ஐம்பது வயதுக்கு மேல் மெய்யியல் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. மகள் கிருத்திகாவைச் சூரமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே விருந்துக்குப் போனால், இலை போட்டதும் சம்பந்தி மதியழகன் ஆரம்பித்துவிடுவார். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். பிரபஞ்சம், பிரக்ஞை என்று ரசம் வரும்வரை போகும். துவரையில் பூச்சி விழுந்ததை மூக்காலேயே கண்டுபிடிக்கிற ஜெகதீஸ்வரன், அங்கே அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரிமாறுகிற சாக்கில் கிருத்திகா அப்பாவைப் பார்ப்பாள். ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன் என்கிற பார்வை. அந்த வீட்டில் அவள் ஒருமுறையாவது தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் தொலைதூரப் படிப்பில் சேர்ந்தார்.

மெய்யியல் அறிமுகம். பாடமெல்லாம் செல்போனுக்கே வந்துவிடும். அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளலாம், கெடு கிடையாது. கெடு சொல்லாமல் சரக்கு அனுப்புகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதிலேயே படிப்பின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

படித்தது மட்டும் மண்டி முறையில். மூட்டையைக் கொட்டியா பருப்பு பார்ப்பார்கள்? குத்தூசியைச் செருகி ஒரு பிடி உருவினால் உள்ளே இருப்பது தெரிந்துபோகும். அப்படிப் பாடத்துக்கு ஒரு பத்தி உருவிக்கொண்டே போனவருக்கு, ஓரிடத்தில் தங்கம் தட்டுப்பட்டது: பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம்.

அட, இதற்கா இத்தனை நாள் பயந்தோம்! பொருள் என்றால் சரக்கு. முதல் என்றால் கடைக்குப் போடுகிற முதல். செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்?

பேரனின் காதுகுத்து விருந்தில் மதியழகன் வழக்கம்போல அறிவு எங்கிருந்து வருகிறது என்று தொடங்கினார். ஜெகதீஸ்வரன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங் சம்பந்தி, ஒலகத்துல மனுசன் ரெண்டே ரகமுங்க. சரக்க முதலாப் போடறவன் பொருள்முதல்வாதி. வாய முதலாப் போடறவன் கருத்துமுதல்வாதி. நானெல்லாம் பொருள்முதலுங்க. இந்தத் தரகனுங்க இருக்கறானுங்களே, அவனுங்க சுத்தமான கருத்துமுதல்வாதிங்க."

பந்தியில் எல்லோரும் இலையிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடடா!" என்றார் மதியழகன். "சம்பந்தி, இப்படியொரு விளக்கத்த நான் என் சர்வீஸ்ல கேட்டதே இல்லைங்க."

உண்மையைத்தான் சொன்னார். கிருத்திகாவின் முகம் மலர்ந்துபோயிற்று. ஜெகதீஸ்வரன் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதே விளக்கத்தைப் பயிற்சி விடையாகவும் எழுதி அனுப்பினார். சில நாள் கழித்து, அந்தப் படிப்புக்கு ஆசிரியையான ஆன்சி போனில் கூப்பிட்டார்.

"உங்க விடையப் படிச்சேன் சார். ரொம்ப ரசிச்சேன். ஆனா... இதுல முதல்னா முதலீடு இல்ல சார்."

"பின்ன?"

"முதல்ல இருக்கறது. உலகத்துக்கு அடிப்படை பொருளா, கருத்தாங்கறதுதான் கேள்வி. அடுத்த பத்தியிலயே இருக்கு சார்."

"அப்ப தரகனுங்க?"

"தரகர் நம்ம பாடத்துலயே இல்ல சார்."

நடுக்கடையில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது ஜெகதீஸ்வரனுக்கு. பேராசிரியர் முன்னால் உளறியதுகூடப் பெரிதில்லை. உளறிவிட்டுப் பாயசம் கேட்டோமே, அதுதான் காதைச் சுட்டது. அதைவிட ஒரு பயம். அப்பா சொன்னார் என்று மகள் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தால்? உடனே அவளைக் கூப்பிட்டார். பொய் விலை சொல்லி வழக்கம் உண்டு. தப்பு என்று சொல்லித்தான் வழக்கமில்லை.

"கிருத்தி, அன்னிக்குப் பந்தியில நான் சொன்னது தப்பு சாமி. யாருகிட்டயும் பெருமையாச் சொல்லிப்போடாத."

"தெரியுமுங்ப்பா."

"எப்புடி?"

"நீங்க கைகழுவப் போனீங்கல்ல, அப்பவே மாமா எல்லாத்துக்கும் சொல்லிட்டாருங்க."

"சிரிச்சாங்களா?"

"ம்."

"நீயி?"

வியாபாரி மகள், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"சரி உடு. மாமா என்னதான் சொன்னாரு? கேப்போம்."

"வேண்டாங்ப்பா."

"அட, சொல்லுங்கறேன்."

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "'நம்ம சம்பந்திய... போதிமரத்தடியில உக்கார வெச்சாலும், மரம் எத்தன டன்னு தேறும்னுதான் அண்ணாந்து பார்ப்பார்'னாருங்க."

ஜெகதீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியாது. அவர் சிரித்ததும் அந்தப் பக்கம் கிருத்திகாவும் சிரித்தாள், பயம் தெளிந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகுதான் உறைத்தது. மாமனாரின் குரலை அவள் அச்சாக எடுத்திருந்தாள். போதிமரத்துக்கு முன்னால் அவர் விடுகிற இடைவெளி, டன்னில் வைக்கிற அழுத்தம், எல்லாம் அப்படியே. ஒருமுறை கேட்டதை ஒருமுறை சொல்கிறவளுக்கு அந்த வாகு வராது.

எத்தனை பேரிடம் சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

அங்கேயும் சிரிப்பு நின்றிருந்தது. "அப்பா..." என்றாள்.

"வெச்சர்றேன் சாமி. கடையில ஆள் நிக்குது."

கடையில் யாரும் இல்லை.