மருமகளுக்குச் செல்லாத கையெழுத்து

எதிர்வீட்டு மாடியில் கிளினிக் வைத்திருக்கும் உளவியலாளரை எங்கள் தெருவில் ‘ம்ம் டாக்டர்’ என்போம். யார் எதைக் கொட்டி அழுதாலும் அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது. அதற்கே அங்கே உட்கார நாற்காலி கிடைக்காது.

அவரிடம் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் வேண்டுமானால், லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அவர் கையெழுத்தோடு கவுன்சிலுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டுமாம். பெண் கெட்டிக்காரி. புருஷனோடு முகம் கொடுத்துப் பேசாத தையல்கடைக்காரி, அவளிடம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் புருஷனுக்கே டீ போட்டுக் கொடுத்தாளாம். தையல்கடைக்காரியே சொன்னதுதான், நானாகப் போய்க் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவளை டாக்டர் வீட்டம்மா வெளியே விடுவாளா? பயிற்சி முடியப்போகும் நேரத்தில் தன் மகனுக்கே கட்டிவைத்துவிட்டாள். நானும் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன்.

பிறகு கவுன்சில் பதில் போட்டது. மேற்பார்வை செய்தவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாதாம். மாமனார் கையெழுத்து செல்லாது. வேறொருவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்று அவர்கள் ஜன்னல் திறந்திருந்தது. நான் பால்கனியில் காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, இந்த விதி உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. உனக்கும் பாடத்துல இருந்திருக்குமே.”

“கேட்டேனே. எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க.”

மாமியார் குறுக்கே பாய்ந்தாள். “சொல்லியிருந்தா நீ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பே. வீட்லயே கிளினிக் இருக்கு, உனக்கு எதுக்குடி தனி போர்டு?”

“அம்மா சொல்றதும்...” என்று இழுத்தான் மகன். மென்று விழுங்குவதில் அப்பாவையே மிஞ்சிவிட்டான்.

“சரி, வேற யார்கிட்டயாவது சேர்றேன். ஒரு வார்த்தை சொல்லி விடுங்க மாமா.”

“ஏன் அங்க அனுப்பறேன்னு கேப்பாங்களே.”

“விதியைச் சொல்லுங்க.”

“அப்போ தெரிஞ்சே ஏன் கட்டிவச்சேன்னு கேப்பாங்க. வேண்டாம்மா, என் பேர் கெட்டுடும்.”

இப்போது அவள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். தலைவலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் போனேன். முகம் வாடிக் கிடந்தது.

“மனசுல இருக்கறதை எங்கிட்ட சொல்லும்மா,” என்றேன்.

“லைசென்ஸ் இல்லாதவங்க கேக்கக் கூடாதுக்கா. உக்காருங்க, கூப்பிடுவாங்க.”