நாற்பது கதவுகள் திறந்த மதியம்

எங்கள் சிறையில் கதவுகளைத் திறந்து மூடும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் நடீன் கோல்சாக். துல்சா நகரத்திலிருந்து தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருவாள். சிறையை நடத்தும் ஷெரிஃப் எதைக் கேட்டாலும் முடியாது என்று அவள் சொன்னதில்லை. சாப்பாட்டு வேளைக்கு ஒரு விதி, பார்வையாளர் வந்தால் ஒரு விதி, சூறாவளி எச்சரிக்கைக்கு ஒன்று, தீப்பிடித்தால் ஒன்று, முடிவெட்டுகிறவர் வரும் புதன்கிழமைக்குக்கூட ஒன்று. எந்த விதி எதை எப்போது மீறலாம் என்பதற்கும் தனி விதிகள். எல்லாவற்றையும் அதுவே யோசித்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வாள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வேலை குறைந்ததில் சந்தோஷம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் ஞாயிறு ஆராதனைக்குப் புது விதி சேர்க்க வந்து, தன் கம்ப்யூட்டரை இணைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பி பிளாக். நாற்பது அறைகள், நாற்பது பேர். ஒரு கோடியில் கார்ல் பீல். மறு கோடியில் சாண்டோவல். பீலின் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வெளியே விடுவதே இல்லை. ஒன்பது வருடமாக என்னோடு வேலை பார்க்கும் எம்மெட் லஸ்க் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

சமையலறையில் எண்ணெய்ச் சட்டி லேசாகப் பற்றிக்கொண்டது. சமையல்காரர் உடனே மூடியைப் போட்டு அணைத்துவிட்டார். ஆனால் புகை எழுந்த செய்தி அதற்குள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. தீ, அதுவும் சாப்பாட்டு வேளை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை இன்னோரிடத்தில் எழுதியிருந்தது புரட்டிப்போட்டது. நாற்பது கதவுகளும் ஒரே சத்தத்தில் திறந்துகொண்டன.

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு பீல் ஓடினான். கட்டில் கம்பியை உடைத்துத் தீட்டி எத்தனை நாளாக வைத்திருந்தானோ தெரியாது. சாண்டோவல் கையிலிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. கம்பி அவன் கழுத்தில் இறங்கியது. மூன்று முறை, நான்கு முறை. சாண்டோவலின் ஆட்கள் பாய்ந்தார்கள். பீலின் ஆட்களும் பாய்ந்தார்கள். குறுக்கே போய் நின்ற எம்மெட்டின் முகத்தில் ஒருவன் வண்டியின் இரும்பு மூடியால் அறைந்தான். விழுந்தவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள்.

நான் மூடும் பொத்தானை அமுக்கினேன். தீ அபாயம், கதவுகள் திறந்தே இருக்கும் என்று திரையில் வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே வரி. பழைய சாவிக்கொத்து அந்த நடைபாதையைத் தாண்டிய அலுவலகத்தில் தொங்கியது.

தீ இல்லை என்று கம்ப்யூட்டரிடம் சொல்லச் சொன்னேன். நடீன் தட்டினாள். தீ விதி அடங்கியது. உடனே சாப்பாட்டு விதி விழித்துக்கொண்டு நடைபாதைக் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டது. அதை அணைத்தாள். நாற்பது பேரும் அவரவர் அறையில் இருந்தால்தான் மூடுவேன் என்று கணக்கெடுப்பு விதி முறைத்தது. அதற்குள் ஒருவன் தரை துடைக்கும் வாளியின் இரும்புப் பிழிப்பானை எடுத்து எங்கள் கண்ணாடியை அடிக்கத் தொடங்கினான். உள்ளே வந்தால் நடீனை என்ன செய்வான் என்று கத்திக்கொண்டே அடித்தான். கண்ணாடி விரிசல் விட்டது.

"நடீன், எம்மெட்ட கொன்னுட்டு இருக்கானுங்க."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கைவிட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினேன். அவள் உதறவில்லை. திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ பொத்தான அமுக்கினா என்ன நடக்கணும்?"

"கதவு மூடணும்."

"வேற?"

"வேற ஒரு எழவும் வேண்டாம். மூடினாப் போதும்."

"எந்தக் கதவு, எப்போன்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான். நான்தானே இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

மூன்று வருட உழைப்பை மொத்தமாக அழித்தாள். வெறும் திரையில் புதிதாக எழுதினாள். பொத்தானை அமுக்கினால் அதற்குரிய கதவு மூடும்; விட்டால் நிற்கும். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். எழுதியதை மேலிருந்து கீழே விரல் வைத்து ஒருமுறை படித்தாள். கண்ணாடித் துகள் எங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. படிக்கிற நேரமா இது என்று திட்டினேன். படிக்காமல் விட்டதன் பலனைத்தானே வெளியே பார்க்கிறாய் என்றாள். படித்து முடித்துத்தான் அனுப்பினாள்.

எம்மெட் முழங்கையால் தவழ்ந்து துணி துவைக்கும் அறைக்குள் போய்ச் சேர்ந்திருந்தான். முதலில் அந்தக் கதவை மூடினேன். மூடியது. பிறகு அறைக்குத் திரும்பி ஓடியவர்களை ஒவ்வொருவராக அடைத்தேன். கடைசியில் நடைபாதையின் நடுக்கதவு. அது மூடினால் கூட்டம் இரண்டாகப் பிரியும். பீல் குறுக்கே கையை நீட்டினான். பழைய புரோகிராமாக இருந்தால் கையை உணர்ந்து கதவு நின்றிருக்கும். இதில் அந்த வரி இல்லை. கை எனக்குத் தெரிந்தது. என் விரல் பொத்தானில் இருந்தது. நான் எடுக்கவில்லை. எலும்பு நொறுங்கிய சத்தம் விரிசல் வழியாகக் கேட்டது.

வெளியிலிருந்து துப்பாக்கிகளோடு ஆட்கள் வர இன்னும் பத்து நிமிடம் ஆனது. சாண்டோவலும் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனும் செத்துப்போயிருந்தார்கள். பீலுக்கு முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். எம்மெட்டுக்கு ஐந்து விலா எலும்பு முறிவு. இடது கண் போய்விட்டது. பீலின் கையைப் பற்றி விசாரணையில் கேட்டபோது, நசுக்கியது கதவு அல்ல, நான்தான் என்று சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எம்மெட்டின் அண்ணன் ஆரின், நடீனைப் பார்த்ததும் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து பல் ஒன்று விழுந்தது. காவலர்கள் அவனை மடக்கினார்கள். புகார் எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள் என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

பழைய புரோகிராமிலேயே ஒரு திருத்தம் போட்டு ஓட்டலாம் என்றார் ஷெரிஃப். நடீன் மறுத்தாள். அது என்ன செய்யும் என்று தனக்கே தெரியாத இடங்கள் அதில் இருப்பதாக அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். ஆறு வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். கதவில் கையோ காலோ சிக்கினால் நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதினாள். தீக்குச் சுவரில் ஒரு சிவப்பு நெம்புகோல். மனிதன் இழுத்தால்தான் வேலை செய்யும். ஷெரிஃப் மறுபடியும் புது விதிகளின் பட்டியலோடு வந்தபோதெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்: "அத அங்க நிக்கிற ஆளு பாத்துக்கட்டும் சார்."

எம்மெட் வேலைக்குத் திரும்ப ஒரு நிபந்தனை வைத்தான். அந்தப் புரோகிராம் தனக்குப் புரிந்தால்தான் உள்ளே கால் வைப்பானாம். அவன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். நடீன் இரண்டு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். வரி வரியாகப் படித்து, என்ன அர்த்தம் என்று சொன்னாள். இரண்டாம் தாளில் ஓரிடத்தில் அவன் கையைத் தூக்கினான்.

"இது புரியல."

விளக்கினாள். வேறு விதமாக இன்னொரு முறை விளக்கினாள்.

"எனக்குச் சுத்தி வளைக்காம சொல்லு. கரண்ட் போயி திரும்ப வந்தா என் பின்னாடி இருக்கிற கதவு திறக்குமா, மூடியே இருக்குமா?"

நடீன் அந்த வரிகளை விரல் வைத்து மறுபடி படித்தாள். அசட்டுச் சிரிப்போ சமாளிப்போ இல்லை.

"தெரியல எம்மெட். அந்த நேரத்துல எத்தன கதவு திறந்திருக்குங்கறத பொறுத்து மாறும்."

"அப்ப தூக்கிடு."

பேனாவால் ஒன்பது வரியை அடித்தாள். ஓரத்தில் ஒரே வரி எழுதினாள்: கரண்ட் வந்தாலும் யாராவது பொத்தானை அமுக்கும்வரை எந்தக் கதவும் அசையாது. எம்மெட் தாளை வாங்கி வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தானே படித்தான். படித்துவிட்டு, காபி சாப்பிடுகிறாயா என்று அவளைக் கேட்டான்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவன் பி பிளாக்குக்கு வந்தான். முதல் கதவைத் திறந்தேன். அவன் உள்ளே வந்ததும் அதை மூடினேன். இரண்டாம் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தான்.

அமுக்கினேன்.