தாய்மாமன் அறியாத நிச்சயம்

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த மறுநாளே, உலு திராமில் இருந்த மனோகரன் தன் குடும்பத்துக்கு ஒரு கட்டளை போட்டார். தினமும் விளக்கு வைத்ததும் எல்லாரும் வாட்ஸ்அப் வீடியோவில் முகம் காட்ட வேண்டும். வீட்டுக்குள் அடைபட்டால் என்ன, குடும்பம் கலைந்துவிடக் கூடாது. தலைச்சன் பிள்ளை அவர். பனியனோடு ஒருநாளும் திரைமுன் உட்கார்ந்ததில்லை. சட்டை, திருநீறு, பிறகுதான் கேமரா.

அன்று அவருடைய கைப்பேசி பழுதாகிக் கிடந்தது. மகள் ஷாமளா குளித்துக்கொண்டிருந்தாள். அழைப்பு வந்ததும் அவளுடையதை எடுத்து, கேமராவை அணைத்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். மற்றவர்களுக்குத் திரையில் ஷாமளா என்ற பெயர்தான் தெரிந்தது.

"ஷாமளா, அப்பா இன்னும் வரல தானே?" என்றாள் தெப்ராவிலிருந்து தங்கை வாசுகி. பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "லோஷினி நிச்சயப் படத்த ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா லா. அழிக்கச் சொல்லிட்டேன். நீ அப்பாகிட்ட மூச்சு விட்டுடாத."

பித்தானைப் போட்ட விரல் அப்படியே நின்றது.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தம்பி ரூபேந்திரன் சிரித்தான். மாப்பிள்ளை மார்கஸின் வீடு அவனுக்கு எதிர்வரிசை. போன வாரம் அவர்கள் பரிசத் தட்டை இவன் வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றார்களாம். தாய்மாமன் என்ற முறையில் இவன் அதை எடுத்துக்கொண்டானாம். வாசுகியும் அவள் மகள் லோஷினியும் திரையில் பார்த்தார்களாம். ஷாமளாவும் பார்த்துக் கைதட்டினாளாம்.

"உங்கப்பா இருந்திருந்தா, சர்ச்சா கோயிலான்னு விடிய விடிய பட்டிமன்றம் நடந்திருக்கும்."

மூத்த தாய்மாமன் கைபடாத பரிசத் தட்டு அந்தக் குடும்பத்தில் கிடையாது. தம்பி இருக்கட்டும், தங்கை இருக்கட்டும். ஒரே கூரையின்கீழ் அவருக்குச் சோறு போடும் மகளுமா? அவர் கத்தியிருப்பார், உண்மைதான். கத்தி முடித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, திரைமுன் கை நீட்டியிருப்பார். உடன்பிறந்தவர்களுக்கு அதுகூடவா தெரியாது?

கடைசிப் பித்தானையும் போட்டுவிட்டுக் கேமராவைத் திறந்தார். ரூபேந்திரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே... நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னுதான்..." என்று இழுத்தாள் வாசுகி.

"கேட்டியா?"

அவள் தலை குனிந்தாள்.

"கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அது என் தப்பு. இப்ப யார் தப்பு?"

ரூபேந்திரன் தன் திரையை அணைத்துக்கொண்டான். வாசுகி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்த ஷாமளா, அப்பாவின் கையில் தன் கைப்பேசியைப் பார்த்ததும் கதவோரம் நின்றுவிட்டாள்.

கோபித்துக்கொண்டு வெளியே போகவும் வழியில்லை. சாலைமுனையில் போலீஸ் தடுப்பு. மனோகரன் எழுந்து கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. உங்க குடும்பம் கூப்பிடுது."