வால் கேட்ட கேள்வி

அந்தப் போர் விமானியை எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். போர் தொடங்கிய புதிதில், கண்ணே அசராத மனிதன் என்று பெருமையாக வைத்த பெயர். இப்போது இரண்டாவது வருடம். பெயர் அப்படியே இருந்தது, தூக்கம்தான் போன இடம் தெரியவில்லை. படுத்தால் வராது, வேண்டாத நேரத்தில் அழையா விருந்தாளியாக வந்து நிற்கும். விடுப்பில் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். "ஒண்ணு சாப்பிடுங்க, இல்ல தூங்குங்க. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா நான் எதைப் பார்த்துச் சந்தோஷப்படறது?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டை எடுக்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

அவருக்குப் பின்னால் இன்னொரு விமானத்தில் வால் வருவான். முன்னால் போகிறவரை ஒட்டிப் பறந்து அவர் முதுகைக் காப்பது அவன் வேலை, அதனால் அந்தப் பெயர். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் ஓயாது. தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ரேடியோவில் பேசவே கூடாது என்பது விதி, எதிரி கேட்டுக்கொண்டிருப்பான். வால் அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டு, "அண்ணே, டேங்குல எவ்வளவு இருக்கு?" என்பான்.

"பாதி."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கேள்வி. "உன் கல்யாணத்துக்கு வந்துட்டுப் போற அளவுக்கு இருக்குடா, வாயை மூடு!" என்று எரிந்து விழுவார் ஆந்தை.

ஒரு நாள் அது கமாண்டர் காதில் விழுந்தது. இறங்கியதும் இருவரையும் தன் அறைக்கு வரவழைத்து, வாலைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"எதுக்குய்யா அந்தக் கேள்வி? உன் டேங்குல இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம்?"

வால் தரையைப் பார்த்தான். "பயம் சார்."

"பயந்தாங்கொள்ளிக்கு இங்க வேலை இல்ல. மூட்டையைக் கட்டு!"

ஆந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிரி சரமாரியாகச் சுட்டபோதும் அவர் முதுகை விட்டு விலகாதவன். இவனுக்கா பயம்? அன்று வந்த வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முதல் கேள்வி வந்தபோது கீழே ஆறு. அடுத்ததற்கு மலை. நடுவில் கிடந்த சமவெளி அவர் நினைவில் இல்லவே இல்லை. கேள்வி கேட்டதும் திடுக்கிட்டு, தாழ்ந்திருந்த இடது இறக்கையை நிமிர்த்தியது மட்டும் நினைவிருந்தது. இன்று மட்டுமா? ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவர் தலை சாய்ந்தபோதெல்லாம் விமானமும் சாய்ந்திருக்கிறது. பின்னால் வருகிறவன் கண்ணில் அது படாமல் இருக்குமா?

வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறந்தால் இனி அவரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். திறக்காவிட்டால் இவன் கோழைப் பட்டத்தோடு வீடு போய்ச் சேருவான்.

"சார், அவன் என்னை எழுப்பிட்டு இருந்தான். நான் மேல பறக்கும்போதே தூங்கிடறேன்."

கமாண்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் வால் பொரிந்து தள்ளினான். "ஏண்ணே சொன்னீங்க?"

"நீ ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"ஆந்தைகிட்டப் போய், நீங்க தூங்கறீங்கன்னு எப்படிண்ணே சொல்றது?"

மறுநாள் வால் வேறொருவர் பின்னால் கிளம்பினான். ஆந்தைக்கு, போய்த் தூங்கும்படி உத்தரவு. அவரோ கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ரேடியோவில் சத்தமே இல்லை. விதிப்படி சரிதான். ஆனால் அந்த அமைதி அவரைக் கொன்றது. இமை கொட்டாமல் வானத்தையே பார்த்தார். ஒரு புள்ளி தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டும் தரை தொட்டு நின்ற பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

வால் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே படியேறி வந்தான். ஆந்தை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார், உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. தட்டியெழுப்பப் போன ரேடியோக்காரரை வால் கையமர்த்தினான். பிறகு நாற்காலிக்கு இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து, சரிந்த தோளுக்குத் தன் தோளைக் கொடுத்தான். எதுவும் கேட்கவில்லை.