நடத்துபவர்

‘ஆம்’ என்று விரலால் ஒரு தட்டு. அதற்கு மேல் யாரும் எந்தச் சான்றும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் நானும்தானே இருந்தேன்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரே ஒரு கேள்வி: ‘இந்தத் தொழிலை அன்றாடம் நடத்துபவர் நீங்கள்தானா?’

எதிரே கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய டைல்ஸ் கடை தொடக்கத்திலிருந்தே அவள் பெயரில் இருந்தது. பெண்கள் நடத்தும் தொழிலுக்குக் கடன் வட்டியில் சலுகை உண்டு. நீட்டிய தாள்களில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். நாலு பேர் கூடிய இடத்தில் “எங்க முதலாளியம்மா” என்று அவன் அறிமுகப்படுத்தும்போது சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

இப்போது தொழில் செய்பவர்களுக்கான அரசு அலுவலகங்கள் எல்லாம் ஒரே இணையதளத்துக்குள் வந்துவிட்டன. உரிமம், வரி, மின்இணைப்பு, கடன் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். அதில் வரும் கேள்விகளைச் சுருக்கி எழுதுவது அவள் வேலை. பங்காளிகள் சொத்துக்கு நிற்பதுபோல ஒவ்வொரு துறையும் தன் கேள்விக்காக மல்லுக்கு நின்றது. அவள் எல்லாவற்றையும் வெட்டினாள். அவளாகச் சேர்த்தது இந்த ஒன்றைத்தான். பேருக்கு மட்டும் முதலாளியாக இருக்கும் பெண்களை மனதில் வைத்து எழுதினாள். எழுதும்போது தன் நினைவே வரவில்லை என்பதுதான் இப்போது விசித்திரமாகப் பட்டது.

“என்ன அண்ணி, கேள்வி புரியலையா?”

“அவளே எழுதினதுடா அது,” என்றார் கணவர், நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அடக் கடவுளே! ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுட்டு, வீட்டு ஆளை வாசல்ல நிறுத்திட்டீங்களே. இன்னிக்குள்ள தட்டலன்னா சலுகை போயிடும் அண்ணி. வட்டி கழுத்தை நெரிச்சிடும்.”

“கடையை எத்தனை மணிக்குத் திறக்கிறீங்க, தம்பி?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

அவன் எரிச்சலில் சொல்லவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டான்.

தட்ட மனம் வராததற்குக் காரணம் நேர்மை என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. வேறு யாராவது எழுதிய கேள்வியாக இருந்தால் இந்நேரம் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். வீட்டிலும் அலுவலகத்திலும் இத்தனை வருடத்தில், யாரும் கேட்காமல் அவளாகச் செய்தது என்று இந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“உனக்கு அது ஒரு தட்டு. அவனுக்குப் பொழப்பு,” என்றார் கணவர். இப்போது நாளிதழை மடித்திருந்தார்.

“தெரியுதுங்க.”

கைபேசியை எடுத்தாள். கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் திரையை அணைத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

“கடையை உங்க பேருக்கு மாத்திக்குங்க தம்பி. நானே கூட உட்கார்ந்து மாத்தித் தர்றேன். இதுல ஆம்னு மட்டும் என்னால போட முடியாது.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.