ஒரே துளியில் இரண்டு பேர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற மாமனாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. காலையில் வெட்டி எடுத்தார்கள். கட்டி குளிர்பெட்டியில் ஏறி, மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குக் கிளம்பியது.

"என்னை விட்டுட்டு அது மட்டும் ஊர் சுத்தப் போகுதா?" மாமனார் கட்டிலை விட்டு இறங்கி, சலைன் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

அங்கே ஆய்வகத் தலைவர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். "மொத்தமா அரைச்சு, சராசரி மரபணுவைப் பார்த்துடும்மா. சட்டுனு வேலை முடியும்."

"அரைச்சா யாரு யாருன்னே தெரியாது சார்," என்றாள் மருமகள். "மருந்துக்கு மசியாத கொஞ்சம் செல் உள்ளே ஒளிஞ்சிருந்தா, மறுபடி முளைக்கும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் பார்ப்பேன்."

"அதுக்குள்ள எல்லாம் செத்துடும்."

"எங்க மாமாவோட செல் சார். சொன்ன பேச்சும் கேக்காது, சாகவும் சாகாது."

மாமனாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் செல்கள் பிரிய மறுத்தன. நொதியை ஊற்றினாள், சல்லடையில் விட்டாள். ஊருக்குக் கிளம்பிவிட்டு வாசலிலேயே பேசிக்கொண்டு நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தன. மாமனார் குழாய்க்குள் குனிந்து ஓர் அதட்டல் போட்டார்.

"என் சோத்தைத் தின்னுட்டு என்கிட்டயே முறைப்பா? வரிசையில வாங்கடா!"

வந்தன. கருவி சொட்டிய நீர்த்துளிகளில் துளிக்கு ஒன்றாக ஏறி, எந்தச் செல் என்று காட்டும் அடையாளச் சீட்டும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு எண்ணெயில் மிதந்து போயின.

கணினித் திரையில் செல்லுக்கு ஒன்றாக விழுந்த புள்ளிகளில் சிலவற்றைப் பார்த்ததும் தலைவர் துள்ளினார். "பாதி புற்று, பாதி நோய் எதிர்ப்புச் செல்! உலகத்துலயே புது ரகம்மா!"

"புது ரகமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். ஒரே துளியில ரெண்டு செல் சேர்ந்து ஏறியிருக்கு."

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேரா? இறக்கி விடும்மா!" என்றார் மாமனார்.

இரட்டைகளை எல்லாம் அவள் கழித்தாள். கூட்டம் விலகியதும் மூலையில் தெரிந்தது, மருந்துக்கு மசியாத அந்தச் சின்னக் கும்பல்.

மாமனார் அதன்மேல் விரலை ஊன்றினார். "அகப்பட்டீங்களா? இனிமே நீங்களா நானான்னு பார்த்துடலாம்."

கும்பல் திரையின் ஓரத்துக்கு நகர்ந்தது.

அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கம் தெளிந்து மாமனார் கண் திறந்தது மறுநாள் மதியம்.