கெட்ட வார்த்தை இல்லாத வீடு

பஞ்சர்க்காரரின் வாயைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. ஆள் தங்கம், வாய் சாக்கடை. வணக்கம் சொன்னால்கூட முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்துத்தான் சொல்வார். அவருக்கு அது திட்டு அல்ல, மூச்சு.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, குழாய் பார்க்க வந்த வீட்டுக்காரரை அவள் ஒரு வார்த்தை சொல்லி வரவேற்றாள். மழலைதான். ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. அன்றைக்கே மனைவி சட்டம் போட்டாள்.

"இனிமே பாப்பா முன்னாடி நீங்க வாயே தொறக்கக் கூடாது. நாளைக்கு அவள ஸ்கூல்ல சேர்க்க வேணாமா?"

பஞ்சர்க்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் பேச்சிலிருந்து அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டால் மிச்சம் 'சரி'யும் 'ம்'மும்தான். எதற்கு வம்பு என்று அவற்றையும் நிறுத்திவிட்டார். தனியாகப் பேசிக்கொண்டிருக்க மனைவிக்கும் கூச்சம் வந்துவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் அதிகம் பேசியது மனைவியின் தையல் மெஷின்தான். சோறு வேண்டுமென்றால் புருவம், தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல்.

மகள் பாலர் பள்ளிக்குப் போனாள். நான்கு வயதை நெருங்கியும் எதற்கும் விரலை நீட்டினாள், புருவத்தைத் தூக்கினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. டாக்டர் சோதித்துவிட்டு, காது அருமையாக இருக்கிறது என்றார். பஞ்சர்க்காரருக்குத் தூக்கம் போயிற்று. தன் வாய் செய்த பாவம்தான் பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டது என்று முடிவுகட்டி, தன் வாயை இன்னும் கெட்டியாக மூடிக்கொண்டார்.

ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, புருவங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"வீட்ல ஏதாச்சும் சண்டையாக்கா?"

"ஐயய்யோ, நாங்க ரொம்ப ஒத்துமை டீச்சர்," என்றாள் மனைவி. பிறகு பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்: "ரெண்டு வருஷமா பாப்பா காதுல ஒரு கெட்ட வார்த்தை விழல."

"நல்ல வார்த்தை?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "அதுவும் இதே வாய்லதானே டீச்சர் வரணும்?"

டீச்சர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டுத் தோற்றார். "அண்ணே, கேக்காதது எப்படி வாய்ல வரும்? கையில என்ன வேலை செய்றீங்களோ, அதை அவகிட்ட சொல்லிக்கிட்டே செய்ங்க. டீவி போட்டு விடுறது வேணாம், உங்க பேச்சே போதும். ஏதாச்சும் கேட்டா, அவ பதிலுக்குக் காத்திருங்க. நீங்களே சொல்லிடாதீங்க."

"நடுவுல அது வந்துட்டா?" இரண்டு வருடத்தில் மகள் முன்னால் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"வந்தா இருமிடுங்க."

மறுநாள் முதல், பள்ளி விட்டதும் மகள் அவர் கடையில் ஒரு பழைய டயருக்குள் உட்கார்ந்தாள். அவர் டியூபை உருவினார். "இந்தா பாரு, டியூப்." அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டயர் நெம்பும் லீவர் வழுக்கி விரலில் அடித்தது. பஞ்சர்க்காரர் இருமினார். நெடிய இருமல். அது முடிந்தபோது உள்ளே ஏதோ அடைப்பு நீங்கியது போலிருந்தது.

"காத்தடிச்சாச்சு. இப்ப தொட்டியில முக்கணும். எங்கடா ஓட்டை, எங்க ஒளிஞ்சிருக்க? வெளிய வாடா... கொஹ், கொஹ்... ஆணி குத்துன பயலே! பாப்பா, முட்டை எங்க வருது?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வண்டியோடு நின்ற வாடிக்கையாளர் செருமினார். பஞ்சர்க்காரர் அசையவில்லை. மகள் தண்ணீரில் குமிழியைத் தொட்டாள்.

அப்படியே வாரங்கள் போயின. அவர் உப்புத்தாள் தேய்ப்பதையும், பசை காய ஊதுவதையும், ஒட்டுப் போட்டுத் தட்டுவதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் மனைவியும் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, ஊசியோடும் நூலோடும் வாயாடினாள். மகள் மட்டும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் டீச்சர் கடைக்கே வேகமாக வந்தார். பஞ்சர்க்காரர் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"அண்ணே, இன்னைக்கு வகுப்புல ஒரு பந்துல காத்து போயிடுச்சு. உங்க பொண்ணு அதை வாளித் தண்ணியில அமுக்கிட்டு, பசங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறா. 'கைய எடுடா, முட்டை வருது பாரு, இங்கதான் ஓட்டை'ன்னு. நான் ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்!"

அவருக்குக் கண் கலங்கியது. உடனே பயமும் வந்தது. "வேற ஏதாச்சும் சொன்னாளா டீச்சர்?"

"இல்லையே. ஆனா நடுநடுவுல இருமறா. சளி மருந்து குடுங்க."

"அது சளி இல்ல டீச்சர்," என்றார் தலையைக் குனிந்து. "பரம்பரை."

அதற்குப் பிறகு கடையில் வேலை தாமதமாகத்தான் நடக்கிறது. ஓட்டை ஏன் சின்னதா இருக்கு, காத்து வெளிய போய் எங்க தூங்கும், ஆணிக்கு அப்பா யாரு என்று மகள் கேட்கிறாள். அவர் லீவரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்கிறார். வண்டியோடு நின்றிருந்த ஒருவர் நேற்று பொறுமையிழந்தார்.

"ஏங்க, அந்தப் பொண்ணக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன்."

"மன்னிச்சுக்கங்க சார்," என்றார் பஞ்சர்க்காரர், ஒரு இருமல்கூட இல்லாமல். "அந்த வேலை மட்டும் இங்க எடுக்கிறதில்ல."